மத்தியகால ஜேர்மன் வீரசாகசக் காவியங்கள்: சுவடி வழியும் வாசகர் வழியும்

ஓர் இலக்கியத்தைப் பற்றிக் கூறப்புகுவோர், அதனை இயற்றிய புலவன், அவன் வாழ்ந்த காலம், அவனை ஆதரித்த புரவலன் ஆகியனவற்றை முதலிற் கூறி, அதன் பின்னர் நூலின் பொருளையும் நயத்தையும் ஆராய்தல் வழக்கமாகும். புலவன் இயற்றிய நூல் நம் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினா பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகின்றது. மத்தியகால ஜேர்மன் வீரசாகசக் காவியங்களைப் பொறுத்தவரை இவ்வினாவை அவ்வாறு ஒதுக்கிவிடுதல் இயலாது. இன்று நாம் 'எரெக்' என்றோ 'பார்சிவால்' என்றோ பெயர் சொல்லிப் படிப்பது எதனை? புலவன் பாடியதையா, முந்நூறு ஆண்டுகளின் பின் ஓர் எழுத்தர் பெயர்த்தெழுதியதையா, அன்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேராசிரியர் ஒருவர் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி உருவாக்கியதையா? இவ்வினாவே இக்கட்டுரையில் நமது ஆய்வுப் பொருளாகும்.

இக்காவியங்கள் தோன்றிய சூழலைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சிய நாட்டு அரசவைகளில் ஆர்தர் மன்னனையும் அவனது வட்ட மேசை வீரரையும் பற்றிய கதைகள் செல்வாக்குப் பெற்றிருந்தன. அவற்றுக்குக் காவிய வடிவம் அளித்தவருள் தலைசிறந்தவர் கிறெத்தியன் த திறுவா. அவருடைய காவியங்களை ஜேர்மன் பிரபுக்களின் அவைக்கேற்ப மீளப்பாடியவருள் ஹார்ட்மன் வொன் ஔவே, வொல்பிராம் வொன் எஷன்பாக் ஆகிய இருவரும் முதன்மையானவர். ஹார்ட்மன் 'எரெக்', 'இவைன்' என்னும் இரண்டையும், வொல்பிராம் 'பார்சிவால்' என்னும் பெருங்காவியத்தையும் இயற்றினர். இவர்களின் சமகாலத்தவரான கொட்பிறீட் வொன் ஸ்திராஸ்பூர்க் வேறொரு பிரான்சிய மரபினைத் தழுவித் 'திரிஸ்தன்' பாடினார். ஏறத்தாழ 1180க்கும் 1220க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுள் இவையாவும் தோன்றிவிட்டன. ஜேர்மன் இலக்கிய வரலாற்றிலே இத்தகைய செழிப்பினை மீண்டும் காண்பதற்கு ஆறு நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பர்.

இந்நூல்களுள் எதற்கேனும் புலவர் தம் கைப்பட எழுதிய சுவடி இன்று இல்லை. புலவன் முன்னிலையில் எழுதப்பட்டது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பிரதியும் இல்லை. வொல்பிராமோ ஒருபடி மேலே சென்று, தமக்கு எழுத்தே தெரியாது என்று காவியத்திலே கூறுகின்றார். இக்கூற்றை அப்படியே ஏற்பதா, நூலறிவைப் பாராட்டித் திரிந்த புலவர்களை நகையாடியதாகக் கொள்வதா என்பது இன்றும் தீராத விவாதமாகும். நாம் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கின்றோம். எவ்வாறாயினும், இக்காவியங்கள் அவையிலே வாய்விட்டு வாசிக்கப்படுதற்காகவே பாடப்பட்டன என்பதும், கேட்டோர் வேண்டியபோது பிரதிகள் எழுதப்பட்டன என்பதும் ஐயமற்றவை.

ஒரு நூல் முற்றுப்பெறுமுன்னரே அதன் சுவடி எத்தகைய இடருக்கு உள்ளாகலாம் என்பதற்கு ஹைன்றிக் வொன் வெல்டெக்கே பாடிய ஏனியாஸ் காவியம் தக்க சான்றாகும். அதன் இறுதியில் ஒரு செய்தி உளது. காவியம் முற்றுப்பெறாத நிலையிலே புலவர் அதனைக் கிளேவே நாட்டுப் பிரபுப் பெண்ணொருத்திக்குப் படிக்கக் கொடுத்தார். 1174ஆம் ஆண்டளவில் நடந்த அவளது திருமணத்தின்போது, ஹைன்றிக் என்னும் பிரபு ஒருவன் அச்சுவடியைக் களவாகத் துரிங்கிய நாட்டுக்கு அனுப்பிவிட்டான். ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் சுவடி மீண்டும் புலவர் கைக்கு வந்தது. பின்னர் துரிங்கிய அரசவையின் ஆதரவிலேயே அவர் அதனை முடித்தார். ஒரு சுவடியைத் திருடினால் புலவனையே வாயடைக்கச் செய்யலாம் என்னும் நிலை அன்று இருந்தது. அதேவேளை, திருடத் தக்கதொரு பொருளாக அது மதிக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

எழுதுவதற்குப் பயன்பட்டது பதனிட்ட ஆட்டுத்தோலும் கன்றுத்தோலுமே. பெரியதொரு காவியத்தை எழுதி முடிப்பதற்குப் பல விலங்குகளின் தோல் வேண்டப்பட்டது. ஆதலாற் செல்வமுள்ள வீட்டாரே பிரதி செய்விக்கக் கூடியவராயிருந்தனர். ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நமக்கு ஒரு வேறுபாடு இவ்விடத்தில் உடனே புலப்படும். பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. தோலோ பேணினால் ஆயிரம் ஆண்டும் நிற்பது. ஆயின் அந்த வலிமையே அதற்குக் கேடாயும் முடிந்தது. பழைய எழுத்து வாசிக்க முடியாததாகி, பழைய கதை சுவையற்றதாகியபோது, பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளிற் புத்தகம் கட்டுவோர் தோற்சுவடிகளை நறுக்கிப் புதிய புத்தகங்களின் அட்டைக்கும் முதுகுக்கும் பயன்படுத்தினர். காவியங்களின் சிதைவுத் துண்டுகளுட் பல இன்று கிடைப்பது இக்கட்டுகளைப் பிரித்துப் பார்த்ததனாலேயாகும். அழித்தவன் கையே காத்த கையுமாயிற்று.

பிரதிகளின் தொகையை நோக்குமிடத்து, நூலுக்கு நூல் உள்ள ஏற்றத்தாழ்வு வியப்பளிப்பது. பார்சிவாலுக்கு ஏறத்தாழ முழுமையான 16 பிரதிகளும் எழுபதுக்கு மேற்பட்ட சிதைவுத் துண்டுகளும் உள்ளன. அக்காலத்து அரசவைக் காவியங்களுள் இந்த அளவு பரவியது வேறொன்றுமில்லை எனலாம். இவைனுக்கு முப்பதுக்கு மேற்பட்ட சான்றுகள் உள. திரிஸ்தனுக்கு முழுப்பிரதிகள் 11. எரெக்குக்கோ, ஏறத்தாழ முழுமையானதென்று சொல்லத்தக்க பிரதி ஒன்றே ஒன்று. அதனொடு சில துண்டுகள். இத்தனைக்கும் ஜேர்மன் மொழியிற் பாடப்பட்ட முதல் ஆர்தர் காவியம் எரெக்கே. பின்வந்த புலவர் பலர் கேட்போர் அதனை அறிவர் என்று கொண்டே தம் கதைகளை நடத்துகின்றனர். ஆகவே, எஞ்சியிருக்கும் பிரதிகளின் தொகையை ஒரு நூலின் அக்காலச் செல்வாக்குக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் ஆபத்தானது.

எரெக்கின் அந்த ஒற்றைப் பிரதியைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பேரரசர் முதலாம் மக்சிமிலியன் பழைய வீரக்கதைகளிற் பேரார்வம் கொண்டவர். அச்சியந்திரம் பரவி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், தம் முன்னோர் காலத்துக் கதைகளைப் பெரியதொரு தோற்சுவடியிலே கையால் எழுதுவிக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். அப்பணியை ஏற்றவர் ஹான்ஸ் றீட் என்பவர். இவர் திரோல் நாட்டிற் போல்ற்சானோ நகரருகே ஆயத்துறை அலுவலராயிருந்தவர். 1504ஆம் ஆண்டளவிலே தொடங்கிய வேலை, அவர் இறந்த 1516ஆம் ஆண்டளவிலேயே நிறைவெய்தியது. இருபத்தைந்து நூல்கள் இதில் எழுதப்பட்டன. அவற்றுள் 15 நூல்களுக்கு இதனைத் தவிர வேறு முழுப்பிரதி இல்லை. 'குட்றூன்' என்னும் காவியம் அவற்றுள் ஒன்று. இன்ஸ்புறூக் நகரத்தை அடுத்த அம்பிராஸ் மாளிகையில் நெடுங்காலம் இருந்தமையால் இதற்கு அம்பிராஸ் வீரநூல் என்று பெயர் வழங்கலாயிற்று. 1806இல் அது வியன்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆயத்துறை அலுவலர் ஒருவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பேனா பிடித்திராவிடின், ஜேர்மன் இலக்கிய வரலாற்றின் ஓர் அதிகாரம் எழுதப்பட்டிராது.

ஆயின் இப்பிரதி நமக்கு அளிப்பது எரெக்கின் முழு வடிவமன்று. கதையின் தொடக்கம் இல்லை. அதற்கு முன்னால் 'மேலங்கி' என்னும் வேறொரு சிறு காவியத்தின் பகுதி நிற்கின்றது. கற்புடைய பெண்ணுக்கே பொருந்துவதாகிய மாய அங்கியொன்று ஆர்தரின் அவைக்கு வர, அரசியும் ஏனைய பெண்களும் அதனை அணிந்து பார்த்து நாணமடையும் கதை அது. அக்கதை இடையிலே அறுந்து, எவ்வித அறிகுறியும் இன்றி, எரெக்கின் தொடக்கக் காட்சியொன்றின் நடுவே போய்ச் சேர்கின்றது. றீட் இரண்டினையும் ஒரே கதையாகவே எழுதியுள்ளார். அவர் கையிலிருந்த மூலச்சுவடியிலே ஏடுகள் உதிர்ந்திருக்கலாம். அல்லது, எரெக்கின் மனைவி ஏனித்தே அங்கிச் சோதனையில் மற்றப் பெண்களினும் மேலாக நிற்பதனால், அக்கதையை அவளது கதைக்கு முன்னுரையாக ஒருவர் வேண்டுமென்றே இணைத்துமிருக்கலாம். இரண்டு கருத்துக்களும் அறிஞரிடையே உள்ளன. பின்னையதை வெறும் கற்பனையென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. எழுத்தரை எப்பொழுதும் கவனமற்றவரென்று கொள்ளுதல், அச்சு யுகத்தில் வாழும் நம்மிடையே ஊறிப்போன ஒரு தப்பெண்ணம்.

அடுத்து மொழி பற்றிய பிரச்சினை எழுகின்றது. ஹார்ட்மன் பாடிய காலத்துக்கும் றீட் எழுதிய காலத்துக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றுவிட்டன. உயிரொலிகள் மாறின, சொற்கள் வழக்கிழந்தன, யாப்பின் ஓசை தளர்ந்தது. றீட் எழுதியது பதினாறாம் நூற்றாண்டுத் திரோல் மொழி. ஆயினும் இன்று மாணவர் கையிலுள்ள பதிப்புக்களைத் திறந்தால் அங்கே காண்பது பன்னிரண்டாம் நூற்றாண்டின் தூய இலக்கிய மொழியாகும். இதனைச் செய்தவர் மொறிற்ஸ் ஹௌப்ற். 1839இல் வெளிவந்த தமது பதிப்பில் அவர், றீட் எழுதிய அடிகளை ஒவ்வொன்றாகப் பழைய மொழிக்குப் பெயர்த்தார். அவரது மொழிப்புலமை பெரிது. பல இடங்களில் அவர் ஊகித்தது சரியே என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் நாம் படிக்கும் எரெக்கின் ஒவ்வோர் அடியிலும் மூவர் கைகள் உள்ளன என்பதை மறைத்தல் முறையன்று.

பிரதிகள் பலவாயிருப்பின் இடர் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இவைன் காவியத்தின் முடிவு இதற்கு நல்ல உதாரணம். இவைன் ஒரு நீரூற்றின் காவலனைப் போரிற் கொன்று, அவன் மனைவி லௌடினேயை மணக்கின்றான். ஓராண்டுள் திரும்பி வருவதாகக் கூறிச் சென்றவன் தவணையை மறந்துவிடுகின்றான். அவள் அவனைக் கைவிடுகின்றாள். அவன் பித்தனாய்க் காட்டில் அலைகின்றான். பல இன்னல்களுக்குப் பின், தோழி லுனேற்றேயின் சூழ்ச்சியினால் இருவரும் மீண்டும் இணைகின்றனர். இவ்விடத்திலே சில பிரதிகளில் மட்டும் ஒரு காட்சி வருகின்றது: லௌடினே இவைனின் காலில் விழுந்து, தன்னால் அவன் பட்ட துன்பங்களுக்காக மன்னிப்புக் கேட்கின்றாள். காலத்தால் மிக முந்திய பிரதிகளுள் ஒன்றான கீசன் நகரச் சுவடியில் இக்காட்சி உண்டு. அதே அளவு பழைமை வாய்ந்த ஹைடெல்பேர்க் சுவடியில் இல்லை.

இது வெறும் பாடபேதமன்று. காவியத்தின் கருத்தையே திருப்பிவிடுவதாகும். காட்சி இல்லாவிடின் லௌடினே தான் கொடுத்த வாக்கினாற் கட்டுண்டு கணவனை ஏற்றுக்கொள்ளும் அரசியாக நிற்கின்றாள். குற்றம் முழுவதும் அவனுடையது. காட்சி இருப்பின் குற்றம் இருவருக்கும் பங்காகின்றது. பெண்ணின் மானம் தணிந்து போகின்றது என்று ஒருவரும், அன்பு கனிகின்றது என்று மற்றொருவரும் கூறலாம். ஹார்ட்மனே பிற்காலத்தில் இதனைச் சேர்த்தாரா, முடிவு வறிதாயிருக்கக் கண்ட வேறொருவர் பாடிச் சேர்த்தாரா என்பது இன்னும் தெளியப்படவில்லை. நம்மைக் கேட்பின், காட்சியற்ற முடிவே கதையின் போக்குக்கு ஒத்தது என்போம். ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இரண்டு முடிவுகளும் கேட்கப்பட்டன, இரண்டும் ஹார்ட்மனுடையனவாகவே கொள்ளப்பட்டன என்னும் உண்மை நமது சுவைக்கு அப்பாற்பட்டது.

காவியத்தை அறிந்தோர் சுவடியை மட்டும் நம்பியிருக்கவில்லை. தென்திரோலிலுள்ள றொடெனெக் கோட்டையில் 1970களின் தொடக்கத்திலே சுண்ணச் சாந்தினை அகற்றியபோது, இவைன் கதையைச் சித்திரிக்கும் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அவை பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தன. காவியம் பாடப்பட்டுச் சில பத்தாண்டுகளுள் அது ஒரு மண்டபத்தின் சுவரில் ஏறிவிட்டது. சுவரோவியம் கதையின் முற்பகுதியோடு நின்றுவிடுகின்றது. இவைனின் பித்தும் அலைவும் அங்கு இல்லை. கதையில் வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்றே அக்காலத்தார் கருதினர் போலும்.

இவ்வுரிமையின் உச்ச நிலையைப் பார்சிவாலின் வரலாற்றிற் காணலாம். வொல்பிராமின் காவியம் ஏறத்தாழ 24,800 அடிகளைக் கொண்டது. 1331க்கும் 1336க்கும் இடையிலே, அல்சாஸ் நாட்டுப் பிரபுவான உல்றிக் வொன் றப்போல்ற்ஸ்ரைன் என்பவர் அதனை விரிவாக்க விரும்பினார். கிறெத்தியன் முடிக்காது விட்ட கிறேல் காவியத்துக்குப் பிரான்சிய மொழியிற் பலர் தொடர்ச்சிகள் பாடியிருந்தனர். அத்தொடர்ச்சிகள் வொல்பிராமின் நூலில் இல்லையே என்பது பிரபுவின் குறை. கிளௌஸ் விஸ்ஸே, பிலிப் கோலின் என்னும் இருவர் ஸ்திராஸ்பூர்க்கிலிருந்து இப்பணியை மேற்கொண்டனர். சம்சன் பீனே என்னும் யூதர் பிரான்சிய மூலத்தை அவர்களுக்கு விளக்கினார் என்பதைப் பின்னுரையிலிருந்து அறிகின்றோம். ஏறத்தாழ 36,000 அடிகள் புதிதாகப் பாடப்பட்டு வொல்பிராமின் காவியத்தின் நடுவே பொருத்தப்பட்டன. மூலத்தினும் நுழைத்தது பெரிது! இச்சுவடி இன்று கார்ல்ஸ்றூவே நகர நூலகத்தில் உள்ளது. பிற்கால அறிஞர் இதனை இடைச்செருகல் என்று ஒதுக்கினர். ஆயின் கோலினும் விஸ்ஸேயும் தமது பெயரை மறைக்கவில்லை; யாருக்காகப் பாடினர், யார் உதவினர் என்பதையும் வெளிப்படையாகக் கூறினர். வஞ்சனை எதுவும் இங்கில்லை. கதை முழுமையாக இருத்தல் வேண்டும் என்பது புலவனின் சொல் மாறாதிருத்தல் வேண்டும் என்பதினும் பெரிதாக அவர்களுக்குப் பட்டது.

பதினைந்தாம் நூற்றாண்டில் தோலின் இடத்தைக் கடதாசி பிடித்துக்கொள்ள, சுவடி ஒரு விற்பனைப் பொருளாயிற்று. அல்சாசில் ஹாகெனௌ என்னும் ஊரிலே டீபோல்ட் லௌபர் என்பவர் எழுத்தரையும் ஓவியரையும் கொண்டு ஒரு தொழிலகத்தையே நடத்தினார். தம்மிடம் கிடைக்கும் நூல்களின் பட்டியலையும் அவர் எழுதி அறிவித்தார். வண்ணந்தீட்டிய கோட்டோவியங்களோடு கூடிய மூன்று பார்சிவால் பிரதிகள் இத்தொழிலகத்திலிருந்து வந்து, ஹைடெல்பேர்க், டிறெஸ்டென், வியன்னா ஆகிய நகரங்களில் உள்ளன. நீண்ட காவியத்தை இடையிடையே தலைப்பிட்டுப் பிரித்து, படம் பார்த்துக் கதை தேடக்கூடியவாறு அவை அமைந்துள்ளன. அவையிலே கேட்ட காவியம் தனியாக இருந்து படிக்கும் புத்தகமாக மாறியதை இத்தலைப்புக்களே நமக்கு உணர்த்துகின்றன. 1477இல் ஸ்திராஸ்பூர்க்கில் யொஹான் மென்ரெலின் பார்சிவாலை அச்சிட்டார். திரிஸ்தனின் கதி வேறு. கொட்பிறீட் முடிக்காது விட்ட அக்காவியத்தை உல்றிக் வொன் துர்ஹைம், ஹைன்றிக் வொன் பிறைபேர்க் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் முடித்துவைத்தனர். பெரும்பாலான பிரதிகள் இவற்றுள் ஒரு முடிவினோடேயே கிடைக்கின்றன. ஆயினும் 1484இல் அச்சேறியது கொட்பிறீட்டின் காவியமன்று. அவருக்கு முற்பட்ட ஐல்ஹார்ட் என்பவரின் எளிய கதையின் உரைநடை வடிவமே.

இதே காலத்தில் வாழ்ந்த ஒரு வாசகரைப் பற்றி நாம் கூறாமல் விடலாகாது. பவாரிய நாட்டுப் பிரபுவான யாகொப் பூற்றெறிக் வொன் றைகெற்ஷௌசன் பழைய காவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர். 1462இல் மெக்டில்ட் என்னும் அரசகுலப் பெண்ணுக்கு அவர் செய்யுள் வடிவிலே கடிதமொன்று எழுதினார். புதிய நூல்களைச் சேர்த்த அவளுக்குத் தம்மிடமுள்ள பழைய நூல்களின் பெருமையை அதில் எடுத்துரைக்கின்றார். வொல்பிராமின் கல்லறையைத் தேடி எஷன்பாக்குக்குச் சென்று கண்டதையும் விவரிக்கின்றார். 'தித்துறெல்' என்னும் காவியத்தின் முப்பது பிரதிகளைத் தாம் பார்த்ததாகவும், அவற்றுள் ஒன்றேனும் திருத்தமாயில்லை என்றும் அவர் முறையிடுவது மூலபாடத் திறனாய்வு என்னும் துறை தோன்றுவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த ஒரு குரல். திருத்தமான பிரதி வேண்டும் என்னும் ஏக்கம் நவீன காலத்தின் கண்டுபிடிப்பன்று என்பதற்கு இது சான்று. ஆயினும் பூற்றெறிக் வொல்பிராமின் தலைசிறந்த நூலென்று போற்றிய தித்துறெல், வொல்பிராம் பாடியதன்று. வொல்பிராம் விட்டுச்சென்றவை ஏறத்தாழ 170 பாடல்களைக் கொண்ட இரு சிறு பகுதிகளே. அவற்றை உள்ளடக்கி 6,000க்கு மேற்பட்ட பாடல்களிற் பெருநூல் இயற்றியவர் அல்பிறெக்ட் என்னும் பிற்காலப் புலவர். அவர் நூலின் பெரும்பகுதியில் வொல்பிராமாகவே பேசுகின்றார். இரண்டரை நூற்றாண்டு காலம் மக்கள் போற்றிய வொல்பிராம், இந்த அல்பிறெக்ட்டையும் உள்ளடக்கியவரே.

பதினாறாம் நூற்றாண்டின் பின் இக்காவியங்கள் உறங்கின. 1753இல் சூரிச் நகரத்து யொஹான் யாகொப் பொட்மர் பார்சிவாலின் ஒரு பகுதியை அறுசீர் அடிகளில் மீளப்பாடி வெளியிட்டார். அவருடைய மாணவர் கிறிஸ்தொவ் ஹைன்றிக் மில்லர் 1784இல் பேர்லினில் நூல் முழுவதையும் பதிப்பித்தார். அதற்கு ஆதாரமாயிருந்தது சென் காலன் மடத்துச் சுவடி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட இச்சுவடி பார்சிவாலையும் நிபெலுங்கர் காவியத்தையும் ஒருங்கே கொண்டது. வரலாற்றாசிரியர் சூடியின் உடைமையாயிருந்து, 1768இல் மடத்துக்கு வந்தது. மில்லர் தமது தொகுதியைப் பிரசிய மன்னர் இரண்டாம் பிறெடெரிக்குக்குக் காணிக்கையாக்கினார். மன்னரோ இவை ஒரு தோட்டா மருந்தின் விலையும் பெறா என்னும் பொருள்பட மறுமொழி விடுத்தார். பிரான்சிய மொழியிலேயே சிந்தித்து எழுதிய மன்னருக்கு, பிரான்சிலிருந்து வந்த கதையைத் தம் நாட்டு மொழியிற் படிக்கப் பொறுமையில்லாதிருந்தது ஒரு வேடிக்கை.

கார்ல் லாக்மன் 1833இல் வெளியிட்ட வொல்பிராம் பதிப்புடன் நிலைமை மாறியது. கிரேக்க, இலத்தீன் நூல்களையும் விவிலியத்தையும் பதிப்பிப்பதிற் கையாண்ட முறையை அவர் தாய்மொழிக் காவியத்துக்கும் பயன்படுத்தினார். பிரதிகளைப் பொதுவான பிழைகளைக் கொண்டு இனம்பிரித்து, அவற்றின் கொடிவழியைக் கண்டு, மேலே சென்று மூலத்தை எட்டுதலே அம்முறையின் நோக்கம். பார்சிவாலின் பிரதிகளை அவர் இரு வகுப்புக்களாகப் பிரித்தார்: ஒன்று சென் காலன் சுவடியின் தலைமையிலும், மற்றையது மியூனிச் சுவடியின் தலைமையிலும் அமைந்தன. இரண்டும் ஒரே காலத்தன. இரண்டும் நல்ல பாடங்களைக் கொண்டவை. லாக்மன் பெரும்பாலும் முன்னதையே பின்பற்றினார். காவியத்தை 16 நூல்களாகவும் முப்பது முப்பது அடிகளாகவும் பிரித்த அவருடைய ஒழுங்கையே இன்றும் அனைவரும் மேற்கோளுக்குப் பயன்படுத்துகின்றனர்.

லாக்மனின் உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடார். ஆயினும் அவர் முறையின் அடியில் ஓர் எடுகோள் உளது: புலவன் ஒரே ஒரு வடிவத்தைத்தான் இறுதியாக வெளியிட்டான், அதிலிருந்து விலகுவன யாவும் சிதைவே என்பதாகும். பிரான்சிய அறிஞர் யோசெப் பெதியே 1928இல் இம்முறையை ஆராய்ந்து, பதிப்பாசிரியர் வரைந்த கொடிவழிகள் ஏறத்தாழ எல்லாமே இரு கிளைகளாகவே பிரிகின்றன என்று காட்டினார். கிளைகள் இரண்டாயின் எதனை ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பதிப்பாசிரியரிடமே தங்கிவிடும்! 1996இல் யோவாகிம் பும்கே, நிபெலுங்கர் புலம்பலின் பிரதிகளை ஆராயுமிடத்து, காவியம் தோன்றிய காலத்துக்கு மிக அண்மையிலேயே பல வடிவங்கள் சமநிலையில் நிலவின என்றும், அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நிறுவ முடியாது என்றும் வாதித்தார். சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடைபெறும் புதிய பார்சிவால் பதிப்பு, இக்கருத்தையொட்டி நான்கு வடிவங்களை அருகருகே வைத்துக் கணினி வழியாகத் தருகின்றது.

இப்புதிய நோக்கினை நாம் வரவேற்கின்றோம். இவைனின் இரு முடிவுகளும் இதனாலேயே தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. ஆனால் அதன் தீவிர வாதிகள் சிலர், மூலமென்று ஒன்றைத் தேடுவதே வீண் என்று கூறுவதை ஏற்க முடியவில்லை. பிரதிகள் எண்பது இருக்குமிடத்து அவ்வாறு பேசுதல் எளிது. எரெக்கை முன்வைத்துப் பேசுவோருக்கு அந்த வசதியில்லை. எல்லாப் பிரதியும் சமமென்று கொள்வதானால், றீட்டின் பதினாறாம் நூற்றாண்டு மொழியையே ஹார்ட்மனின் மொழியாக ஏற்கவேண்டும். ஹௌப்ற் செய்த பெயர்ப்பு துணிச்சலானது. ஆயின் அத்துணிச்சல் இன்றி ஹார்ட்மனின் ஓசையைக் கேட்க வேறு வழி எது?

எரெக்கைப் பற்றிய அண்மைக்காலச் செய்திகள் இப்பிரச்சினையை மேலும் சிக்கலாக்கியுள்ளன. வொல்பென்பியூற்றல் நூலகத்தில் 1978இல் கண்டெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டு ஏடுகளின் சில பகுதிகள், அம்பிராஸ் வீரநூலினின்றும் வெகுவாக வேறுபட்டு, கிறெத்தியனின் பிரான்சிய மூலத்துக்கு நெருங்கி நிற்கின்றன. 2003இல் ஆஸ்திரியாவிலுள்ள ஸ்வெற்றல் மடத்திலே சிறுசிறு தோல் நறுக்குகள் வெளிப்பட்டன. முதலில் அவை நிபெலுங்கர் கதையைச் சேர்ந்தவை என்று செய்தித்தாள்கள் முழங்கின. பின்னர் அவையும் எரெக்கே என்று தெளிந்தது. அவற்றின் வாசகமும் பிரான்சிய மூலத்தையே நெருங்கிச் செல்கின்றது. எனவே, ஹார்ட்மனுடையதல்லாத வேறோர் எரெக் ஜேர்மன் மொழியில் இருந்ததா, அன்றி ஹார்ட்மனே இருமுறை பாடினாரா என்னும் வினா எழுந்துள்ளது. அந்த நறுக்குகளில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள் எஞ்சியிருக்கின்றன. சில இடங்களிற் பாதிச் சொல்லே உண்டு.